பாடம் 8: புதிதாய் வந்தவர் கடை

நுழையும்முன்

சென்ற பாடத்தில் பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவைக் கண்டோம். வேற்று நாடுகளிலிருந்து வந்து வேற்று மொழி பேசியோர் அந்நகரில் ஒன்றாகக் கலந்து இனிது வாழ்ந்தனர் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியுள்ளார். நாம் வாழும் மும்பையும் அத்தகைய நகரமே. இந்நகருக்கு வந்து தொழில் தொடங்கிய ஒருவரின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது. படிக்கும்போது ஆண்டுகளையும் தொகைகளையும் ஏட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சிகளைச் செய்யும்போது அவை தேவைப்படும்.

தாதரில் இறங்கியவர்கள்

தாதர் தொடர்வண்டி நிலையத்தை அறியாத மும்பை மாணவர் இலர். மேற்கு இருப்புப்பாதையும் மத்திய இருப்புப்பாதையும் இங்கே சந்திக்கின்றன. திருநெல்வேலிக்கும் புதுச்சேரிக்கும் செல்லும் சாளுக்கியா விரைவு வண்டி இங்கிருந்துதான் புறப்படுகிறது. திரும்பி வந்து நிற்பதும் இங்குதான். ஆகவே தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வருவோர் பலர் இம்மண்ணில் முதற்காலடி எடுத்து வைக்கும் இடம் தாதராக அமைந்துவிடுகிறது. இப்பாடத்தை எழுதும் நானும் மாற்றல் ஆணையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு தகரப்பெட்டியுடன் அங்குதான் இறங்கினேன்.

நிலையத்தின் மேற்குப் புறத்தில் பூச்சந்தை இருக்கிறது. வந்த முதல் வெள்ளிக்கிழமை அங்கே சென்று, "இரண்டு முழம்" என்று முழங்கையை நீட்டிக் காட்டினேன். பூக்கார அம்மையார் என் கையைப் பார்த்தார். பின்பு என் முகத்தைப் பார்த்தார். அங்கே உதிரிப்பூ எடை போட்டு விற்கப்படுகிறது. தொடுத்த சரம் ஒன்று, இரண்டு என எண்ணிக்கையில் விற்கப்படுகிறது. முழம் என்னும் அளவுக்கு அங்கே வேலையில்லை. நான் நூறு ரூபாய்த் தாளை நீட்டியபோது அவர், "சுட்டே?" என்றார். எதை நான் சுட்டேன் என்று ஒரு கணம் திகைத்துப்போனேன். மராட்டியில் அச்சொல்லுக்குச் சில்லறை என்று பொருள் என்பதைப் பக்கத்துக் கடைக்காரர் விளக்கினார். பத்து ரூபாய்க்குப் பூ வாங்கச் சென்ற எனக்கே இவ்வளவு தடுமாற்றம் என்றால், இந்நகரில் கடை வைக்க வருபவரின் தடுமாற்றத்தை எண்ணிப் பாருங்கள்.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்தாள். "டீச்சர், எங்கள் சித்தப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். இட்லிக்கடை போடப் போகிறாராம். சீக்கிரம் முன்னுக்கு வர என்ன செய்ய வேண்டும் என்று உங்களிடம் கேட்டு வரச் சொன்னார்" என்றாள். வணிகத்தைப் பற்றித் தமிழாசிரியையிடம் கேட்பானேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அம்மாவின் வளையல்களை அடகு வைத்துப் பணம் கொடுத்திருக்கிறோம்" என்றாள். அதன்பிறகு நானும் சிரிக்கவில்லை. அன்று அவளுக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. பிறகு தேடிப் படித்தும், பலரிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதியுள்ளேன்.

நாகலாபுரத்திலிருந்து வாஷி வரை

தூத்துக்குடி மாவட்டத்தில் நாகலாபுரம் என்னும் ஊர் உள்ளது. பிரேம் கணபதி அவ்வூரில் பெரிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பத்தாம் வகுப்பு வரை படித்தார். அதன்பின் சென்னைக்குச் சென்று சிறு சிறு வேலைகள் பார்த்தார். மாதம் 250 ரூபாய் அளவில் கிடைத்தது. 1990இல், அவருக்குப் பதினேழு வயது நடந்தபோது, அறிமுகமான ஒருவர் மும்பையில் 1200 ரூபாய் சம்பளத்தில் வேலை வாங்கித் தருவதாகக் கூறினார். அதை நம்பி வீட்டாருக்கும் சொல்லாமல் அவருடன் இரயில் ஏறினார். பாந்திரா நிலையம் வந்ததும் அந்த மனிதரைக் காணவில்லை. கையில் பணமில்லை. மொழி தெரியாது. ஊரில் எவரையும் தெரியாது.

தமிழர் ஒருவர் இரக்கப்பட்டு அவரைத் தாராவியிலுள்ள மாரியம்மன் கோவிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே கூடியிருந்த நம்மவர்கள் சென்னைக்குப் பயணச்சீட்டு வாங்கத் தங்களுக்குள் பணம் திரட்டித் தர முன்வந்தனர். அவர் ஊருக்குத் திரும்ப மறுத்துவிட்டார். வேலை தேடி இங்கேயே இருந்துவிடுவதாகச் சொன்னார். இவ்விடத்தில் மாணவர்கள் வழக்கமாகக் கைதட்டுவார்கள். நான் தடுப்பதில்லை, ஆனால் ஒன்றைச் சுட்டிக்காட்டுவேன். திரும்பிப் போவதற்கு ஒரு வழி திறந்திருந்தது என்பதை அறிந்த பிறகே அவர் தங்கினார். அந்த வழியை அமைத்துக் கொடுத்தவர்கள் பெயர் தெரியாத சிலர். அவர்களுக்கும் அந்தக் கைதட்டலில் பங்கு உண்டு.

மாகிமில் உள்ள ரொட்டிக்கடை ஒன்றில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 150 ரூபாய். இரவில் அங்கேயே படுத்துக்கொள்ளலாம். சென்னையில் வாங்கியதைவிடக் குறைந்த தொகைதான். ஆயினும் படுக்க இடம் இருந்தது. அதன்பின் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் உணவுக் கடைகளிலேயே வேலை பார்த்தார். செம்பூரில் பீட்சாவை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, நவி மும்பையில் மீண்டும் பாத்திரம் கழுவும் வேலை என்று அவை மாறிக்கொண்டே இருந்தன.

1992இல் சொந்தமாகத் தொடங்கினார். கைவண்டி ஒன்றை 150 ரூபாய் வாடகைக்கு எடுத்தார். அடுப்பும் பாத்திரங்களும் வாங்க 1000 ரூபாய் ஆயிற்று. வாஷி தொடர்வண்டி நிலையத்திற்கு எதிரே வண்டியை நிறுத்தி இட்லி, தோசை விற்கலானார். முதல் மாதச் சம்பளமும் 150 ரூபாய், வண்டி வாடகையும் 150 ரூபாய் என்பதைக் கவனித்தீர்களா? ஒரு காலத்தில் தன் உழைப்புக்குப் பெற்ற தொகையை இப்போது ஒரு வண்டிக்குக் கொடுக்க அவரால் முடிந்தது.

தோசை வார்ப்பதிலோ சாம்பார் வைப்பதிலோ அவருக்கு அப்போது தேர்ச்சி இருந்ததில்லை. செய்து பார்த்தும், பிழை நேர்ந்தால் மாற்றிச் செய்தும் கற்றார். ஊரிலிருந்து தம்பியர் இருவரை வரவழைத்துக்கொண்டார். தெருவோர வண்டிதானே என்று எண்ணாமல் தலையில் தொப்பி அணிந்து வேலை செய்தனர். வண்டியைச் சுற்றியுள்ள இடத்தையும் துடைத்து வைத்தனர். உரிமம் இல்லாத வண்டி ஆகையால் நகராட்சியினர் பலமுறை அதைப் பிடித்துச் சென்றனர். ஒவ்வொரு முறையும் தண்டம் கட்டி மீட்டு வந்தனர். இத்தனைக்குமிடையே மாதம் 20,000 ரூபாய் அளவுக்கு ஆதாயம் வந்ததாக அவர் பின்னாளில் கூறியிருக்கிறார்.

சில ஆண்டுகளில், 1997-98 வாக்கில், 50,000 ரூபாய் முன்பணமும் மாதம் 5000 ரூபாய் வாடகையும் கொடுத்து வாஷியிலேயே ஒரு சிறு கடையைப் பிடித்தார். அதுவே தோசா பிளாசா என்னும் பெயருக்குத் தொடக்கம். அப்போது அவருடன் பழகிய கல்லூரி மாணவர்கள் இணையத்தையும் மின்னஞ்சலையும் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தனர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் இணையத்தில் சமையற்குறிப்புகளைத் தேடிப் படித்துப் புதுப்புதுத் தோசைகளைச் செய்து பார்த்தார்.

இடையில் ஒரு தோல்வியும் உண்டு. சீன உணவுக் கடை ஒன்றைத் தனியே தொடங்கினார். மூன்றே மாதங்களில் அதை மூட நேர்ந்தது. ஆனால் அந்தச் சமையலில் தெரிந்துகொண்ட குழம்பு வகைகளைத் தோசைக்குள் வைத்துப் பார்த்தார். செஷ்வான் தோசை போன்றவை அப்படிப் பிறந்தவை. (ஊரில் என் தாயார் இந்தத் தோசையைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை நான் எழுதப் போவதில்லை. மும்பை இளைஞர்கள் விரும்பினர். அதுவே கடைக்காரருக்கு வேண்டியது.) தோசை வகைகள் நாளடைவில் நூறைத் தாண்டின.

2003இல் வாஷியில் சென்டர் ஒன் என்னும் வணிக வளாகம் திறக்கப்பட்டது. அதன் மேலாண்மைக் குழுவினர் இவர் கடையில் உண்டு பழகியவர்கள். வளாகத்தின் உணவுக்கூடத்தில் ஒரு கடை எடுக்கும்படி அவர்களே கூறினர். அதற்குப்பின் கிளை உரிமம் வழங்கும் முறையில் பல நகரங்களில் அப்பெயரில் கடைகள் தோன்றின. நியூசிலாந்து வரை அவை சென்றன. மேலாண்மைப் பட்டம் பெறாத இருபது தொழில்முனைவோரைப் பற்றி ராஷ்மி பன்சால் 2010இல் வெளியிட்ட 'கனெக்ட் த டாட்ஸ்' என்னும் நூலில் இவருடைய வரலாறும் இடம்பெற்றிருக்கிறது.

விரைவு எங்கே இருந்தது?

மாணவியின் சித்தப்பா கேட்டது இதைத்தான். 1990இல் வந்தவருக்கு வணிக வளாகத்தில் கடை கிடைத்தது 2003இல். பதின்மூன்று ஆண்டுகள் என்பது விரைவா, தாமதமா? வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டால் பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் மற்றொன்றையும் கூறுவர். மொத்தமாகப் பார்ப்பதை விட்டு, எந்தப் பகுதி மெதுவாகச் சென்றது, எந்தப் பகுதி வேகமாகச் சென்றது என்று பிரித்துப் பார்ப்பதே பயன் தரும்.

முதல் இரண்டு ஆண்டுகளில் அவர் சொந்தமாக எதையும் தொடங்கவில்லை. அது வீணான காலம்போல் தோன்றும். ஆனால் மும்பைக்காரர் எந்நேரத்தில் பசியோடு வருகின்றனர், எதற்கு எவ்வளவு கொடுக்கின்றனர், எந்த நிலையத்தருகே கூட்டம் நிற்கிறது, எந்த இடத்தில் கூட்டம் நில்லாமல் ஓடுகிறது என்பவற்றையெல்லாம் அவர் பிறர் கடையில், பிறர் கொடுத்த கூலியில் கற்றார். தன் பணத்தைப் போட்டு இவற்றைக் கற்பவர் ஒவ்வொரு பிழைக்கும் விலை கொடுக்க வேண்டும். அடகுக்கடையில் வளையல் இருக்கும்போது அந்த விலை வட்டியோடு சேர்ந்து வளரும். புதியவர் ஒருவர் தம் வெற்றியை விரைவுபடுத்த எண்ணினால், தாம் வைக்கப்போகும் கடையைப் போன்ற ஒரு கடையில் ஆறு மாதமேனும் கூலிக்கு நிற்பதைவிடக் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு இது நீண்ட வழியாகத் தோன்றும்.

அடுத்தது, கைம்முதல் சுழலும் வேகம். இதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன். ஒருவர் 500 ரூபாய்க்கு அரிசி, உளுந்து, எரிபொருள் வாங்கி இட்லி செய்து 650 ரூபாய்க்கு விற்கிறார் எனக் கொள்வோம். நண்பகலுக்குள் அவருடைய 500 ரூபாய் கைக்குத் திரும்பிவிடுகிறது. மறுநாள் அதே 500 ரூபாய் மீண்டும் வேலை செய்கிறது. மாதம் 25 நாள் கடை நடந்தால் மிச்சம் 3750 ரூபாய். மற்றொருவர் அதே 500 ரூபாய்க்குத் துணி வாங்கி வைக்கிறார். அது விற்றுத் தீர மூன்று மாதம் ஆகிறது. 700 ரூபாய்க்கு விற்றாலும் மூன்று மாதத்தில் மிச்சம் 200 ரூபாய்தான். ஒவ்வொரு விற்பனையிலும் துணிக்காரருக்கு ஆதாயம் அதிகம். ஆயினும் இட்லிக்காரரின் பணம் அதே காலத்தில் எழுபத்தைந்து முறை சுற்றி வந்துவிடுகிறது. சிறுமுதலுடன் வருபவர்கள் பெரும்பாலும் உணவு, பூ, காய்கறி ஆகியவற்றை நாடுவதற்கு இதுவே காரணம். தாதர்ப் பூச்சந்தையில் விடியற்காலையில் மொத்தமாக வாங்கிய சாமந்தி, மாலைக்குள் பணமாக மாறியாக வேண்டும்.

இதில் ஆபத்தும் உண்டு. விற்காத துணியை மடித்து வைக்கலாம். அடுத்த பண்டிகைக்கு விற்கலாம். விற்காத இட்லியை மறுநாள் எவரும் வாங்கார். புளித்த மாவு கடனைவிடக் கொடியது என்று தாராவியில் இட்லிக்கடை நடத்தும் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். ஆகவே தொடக்கத்தில் குறைவாகச் செய்து, தீர்ந்துபோயிற்று என்று சொல்ல நேர்வதே நல்லது. வாடிக்கையாளருக்கு அதனால் சிறு ஏமாற்றம்தான். மறுநாள் சற்று முன்னதாகவே வந்துவிடுவார்.

மூன்றாவதாக நான் காண்பது, அவர் தம் வாடிக்கையாளரிடமே கற்றார் என்பது. இணையம் காட்டியவர்கள் உணவுண்ண வந்த வயதுடைய இளைஞர்கள். வணிக வளாகத்துக்கு வரச் சொன்னவர்கள் தோசை தின்றவர்கள். விளம்பரப் பலகையைவிட விரைவாக வேலை செய்தது அந்தப் பழக்கம். இதற்கு மொழி வேண்டும். "என்ன வேண்டும்" என்று இந்தியிலோ மராட்டியிலோ கேட்கத் தெரியாதவர் பண்டத்தைக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம்; வந்தவரின் விருப்பத்தை அறிய இயலாது. இந்நகரில் கடை வைப்பவர் முதலில் மராட்டி எண்களையும், 'கிதி' என்பதற்கு 'எவ்வளவு' என்று பொருள் என்பதையும், எனக்குத் தொல்லை தந்த அந்தச் 'சுட்டே'யையும் கற்றுக்கொள்ளட்டும்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனுக்காகச் சொல்லப்பட்டவை என்று உரைகள் கூறும். வாஷி நிலையத்தின் எதிரே நின்ற கைவண்டிக்கும் அவை பொருந்துகின்றன. தன் கையில் உள்ளது எவ்வளவு, அலுவலகம் செல்வோர் இறங்கும் நேரம் எது, அவர்கள் நடந்து செல்லும் வழி எது என்று அறிந்தவரின் வண்டியில் மாவு மீதியாவதில்லை.

மாதுங்காவும் தாராவியும்

தாதருக்கு அடுத்த நிலையம் மாதுங்கா. தென்னிந்தியர் பெருமளவில் குடியேறிய பகுதி அது. மணீஸ் லஞ்ச் ஹோம் 1937இலும், ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942இலும் அங்கே தொடங்கப்பட்டன. ஊரைவிட்டு வந்து தனியே தங்கியிருந்த எழுத்தர்களுக்கும் மாணவர்களுக்கும் வீட்டுச் சாப்பாடு வேண்டியிருந்தது. அத்தேவையை அவ்விடங்கள் நிறைவேற்றின. 1951இல் மாதுங்காவில் தொடங்கிய கிரி டிரேடிங் நிறுவனம் பூசைப் பொருள்களையும் சமய நூல்களையும் விற்று வளர்ந்து, பின்னர்ச் சென்னையிலும் வேரூன்றியது. புதியவர் தம்மைப் போன்ற புதியவர்களின் குறையை அறிவார். வெளியாருக்குப் புலப்படாத அத்தேவையே இவர்களுக்கு முதல் சந்தையாக அமைந்தது. ஆனால் அச்சந்தையோடு நின்றவர்கள் சிறியவர்களாகவே நின்றுவிட்டனர். இன்று மாதுங்கா உணவகங்களில் ஞாயிறு காலை வரிசையில் நிற்போரைப் பாருங்கள். அவர்களில் குஜராத்தியரும் மராட்டியரும் மிகுதி.

தாராவியில் வேறொரு காட்சி. விடியுமுன் பல தமிழ்க் குடும்பங்களில் இட்லிக் கொப்பரை ஏறிவிடுகிறது. அலுமினியப் பாத்திரத்தை மிதிவண்டியில் கட்டிக்கொண்டோ தலையில் சுமந்துகொண்டோ ஊதுகுழல் ஒலித்தபடி விற்பனையாளர்கள் நகரெங்கும் செல்கின்றனர். நம் பள்ளி வாயிலிலும் அந்த ஒலியைக் கேட்டிருப்பீர்கள். வீட்டில் சமைப்பவர் ஒருவர், தெருவில் விற்பவர் வேறொருவர். புதிதாக வந்தவருக்கு இதில் ஒரு நன்மை உண்டு: முதல் நாளே கொப்பரை வாங்க வேண்டியதில்லை. ஊர்க்காரர் ஒருவரிடம் காலையில் இட்லியை எடுத்து, விற்றபின் கணக்குத் தீர்க்கலாம். நாணயம் என்ற சொல்லுக்குப் பணம் என்றும் நேர்மை என்றும் இருபொருள் இருப்பதை முன்பு படித்தீர்கள். இந்த ஏற்பாடு இரண்டாவது பொருளை நம்பியே நடக்கிறது. ஒருநாள் கணக்குத் தவறினால் மறுநாள் இட்லி கிடைக்காது. தெரு முழுவதும் அச்செய்தி பரவிவிடும்.

சட்டமும் நடைபாதையும்

பிரேம் கணபதியின் வண்டியை நகராட்சியினர் பிடித்துச் சென்றதைப் படிக்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. மறுபக்கத்தையும் காண வேண்டும். 2017 செப்டம்பர் 29 அன்று, தாதருக்கு அடுத்துள்ள எல்பின்ஸ்டன் ரோடு நிலைய (இன்றைய பிரபாதேவி) நடைமேம்பாலத்தில் நெரிசல் ஏற்பட்டுப் பலர் உயிரிழந்தனர். நிலையங்களைச் சுற்றி நடக்க இடமில்லை என்ற குரல் அதன்பின் வலுத்தது. அவ்வாண்டே மும்பை உயர்நீதிமன்றம் தொடர்வண்டி நிலையங்களிலிருந்து 150 மீட்டருக்குள் தெருவோர விற்பனை கூடாது என்று கூறியது. வாழ வந்தவரின் பிழைப்பும், வேலைக்குச் செல்பவரின் உயிரும் ஒரே நடைபாதையில் நிற்கின்றன. இரண்டில் எது பெரிது என்று எளிதாகத் தீர்ப்புச் சொல்ல என்னால் இயலவில்லை.

1992இல் இல்லாத ஒரு பாதுகாப்பு இன்று உண்டு. தெருவோர விற்பனையாளர் பாதுகாப்புச் சட்டம் 2014இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன்படி விற்பனைச் சான்றிதழ் பெறலாம். நகர விற்பனைக் குழுவின் உறுப்பினர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் விற்பனையாளர்களின் பிரதிநிதிகளே இருக்க வேண்டும். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிசு என்னும் பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் பெற வழியுண்டு. 2020இல் தெருவோர விற்பனையாளருக்கென்றே தொடங்கிய ஸ்வநிதி திட்டம் முதற்கடனாக 10,000 ரூபாய் வழங்கியது. உணவு விற்பவர் எவ்வளவு சிறியவராயினும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வளையலை அடகு வைக்கும் முன் வங்கிக்கு ஒருமுறை சென்று வந்தால் நன்று. படிவம் நிரப்பத் தெரியாது என்று பெரியவர்கள் தயங்குவார்கள். அங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கிறது. எட்டாம் வகுப்பு மாணவரால் அப்படிவத்தை நிரப்ப இயலும்.

சொல்லும் பொருளும்

கைம்முதல் – தொழில் தொடங்கக் கையில் உள்ள பணம்
ஆதாயம் – செலவு போக மிஞ்சுவது
தண்டம் – விதியை மீறியதற்காகக் கட்டும் பணம்
முன்பணம் – இடம் எடுக்கும்போது முதலில் கொடுத்து வைக்கும் தொகை
கிளை உரிமம் – ஒரு கடையின் பெயரையும் முறையையும் பயன்படுத்தப் பிறருக்கு அளிக்கும் இசைவு
நாணயம் – காசு, நேர்மை

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. பிரேம் கணபதி மும்பைக்கு வந்த ஆண்டு ________.
2. அவர் கைவண்டியை நிறுத்திய இடம் ________ நிலையத்திற்கு எதிரே.
3. திருக்குறளில் காலமறிதலுக்கு அடுத்த அதிகாரம் ________.

ஆ. பிரித்து எழுதுக.
முதற்காலடி, கைம்முதல், கடைத்தெரு, பூச்சந்தை

இ. 'சுட்டே' என்பதுபோல் வேறு மொழியில் ஒரு பொருளும் தமிழில் வேறு பொருளும் தரும் சொற்கள் இரண்டை உங்கள் வீட்டாரிடம் கேட்டு எழுதுக.

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தாராவியில் பிரேம் கணபதிக்கு உதவியவர்கள் என்ன செய்ய முன்வந்தனர்?
2. சீன உணவுக் கடையின் தோல்வி எவ்வாறு பயன்பட்டது?
3. விற்காத துணிக்கும் விற்காத இட்லிக்கும் உள்ள வேறுபாடு யாது?

உ. கணக்கிட்டு எழுதுக.
பாடத்தில் கூறிய இட்லிக்காரர் நாள்தோறும் 50 ரூபாய்க்குரிய இட்லியை விற்க இயலாமல் வீணாக்கினால், 25 நாளில் அவருடைய மிச்சம் எவ்வளவு குறையும்? எஞ்சுவது எவ்வளவு?

ஊ. வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து பேசுக.
நிலையத்தின் அருகே விற்பனை செய்வோர் ஓரணி. நடைபாதையில் செல்லும் பயணியர் மற்றோர் அணி. மறு அணியினர் கூறுவதில் நியாயமானதென்று நீங்கள் கருதும் ஒன்றையாவது முதலில் ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குக.

எ. களப்பணி
உங்கள் வீட்டருகே வெளியூரிலிருந்து வந்து கடை நடத்தும் ஒருவரிடம் பேசுக. கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் செல்க. முதலில் எங்கே வேலை பார்த்தார், யார் உதவினர், எதில் பணம் இழந்தார் என்று கேட்டு ஒரு பக்கத்தில் எழுதுக. அவர் விரும்பாவிடில் பெயரைக் குறிப்பிட வேண்டா.

ஏ. கடிதம் எழுதுக.
என்னிடம் கேள்வி கேட்ட மாணவி நீங்களே எனக் கொள்க. சித்தப்பா அடுத்த திங்கட்கிழமை கடை தொடங்க நாள் குறித்துவிட்டார். அதற்குள் அவர் செய்ய வேண்டியவை எவை, தள்ளிப்போட வேண்டியவை எவை என்று அவருக்கு மரியாதையுடன் ஒரு கடிதம் எழுதுக. அம்மாவின் வளையல்களைப் பற்றியும் அதில் எழுதலாம்.